ஊராட்சியை விட்டு நகராட்சியில் சேர ஊரார் நாமாகவே கேட்கலாமா? வழிமுறை தெரிஞ்சவங்க சொல்லுங்க

ரோட்டோரத்தான்:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஒரு ஊராட்சி. மொத்தம் ஒன்பது குக்கிராமம். மெயின் ரோட்டை ஒட்டின மூணு ஊரும், அதைச் சுத்திப் போட்ட நாலு சைட்டும் (மனைப்பிரிவு) சேர்ந்தாலே ஊராட்சி வீடுகளில் பாதிக்கு மேல வந்துரும். மீதி ஆறு ஊர் முழுக்கத் தோட்டமும் கொறங்காடும் (ஆடு மாடு மேய விடற மேய்ச்சல் நிலம்).

ரோட்டோர ஊர்க்காரங்க நகராட்சியில் சேரோணும்ங்கறாங்க. தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது, சாக்கடை போக இடமில்லாம காலி மனையில தேங்குது, குப்பையை ரோட்டோரம் கொளுத்தறாங்க. தோட்டத்துக்காரங்களுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

கேள்வி மூணுங்க. விருப்பப்படற மூணு ஊரை மட்டும் பிரிச்சு நகராட்சியில் சேர்க்க முடியுமா? மனுவை யார்கிட்ட, எந்த வரிசையில் கொடுக்கோணும்? எங்க முதல் வீதிக்கும் நகராட்சி எல்லைக்கும் நடுவில் பக்கத்து ஊராட்சியின் ரெண்டு புல எண் குறுக்கே கிடக்குது, அது தடையாகுமா?

பழைய கோப்பு:

முடிவு எடுக்கறது யாருங்கறதை முதல்ல தெளிவு பண்ணிக்கலாமுங்க. கிராம சபையும் இல்லை, நகர்மன்றமும் இல்லை, கலெக்டரும் இல்லை. எந்தப் பகுதி நகர்ப்புறம்னு அறிவிக்கற அதிகாரம் அரசியலமைப்பின் 243கியூ பிரிவுப்படி ஆளுநர் பேரில் மாநில அரசுக்குத்தான். அந்தப் பிரிவே எதைப் பார்க்கோணும்னு சொல்லுது: மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருக்கறவங்க சதவீதம், பொருளாதார முக்கியத்துவம். நடைமுறை எல்லாம் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998-ன்படி. சட்டம் பழசு, ஆனா விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13-ல் தான். பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவு எண்ணைப் போட்டு மனு எழுதிட்டு வர்றவங்க இன்னும் இருக்கறாங்க. அப்படி எழுதாதீங்க.

கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. வேண்டாம்னு தீர்மானம் போட்ட ஊரையும் அரசு சேர்க்கலாம், வேணும்னு போட்ட ஊரை விட்டுடலாம். ஆனா நீங்களா கேட்டுப் போறப்ப கோப்பின் முதல் தாள் அதுதான். அது இல்லாத மனு "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலோடு முடிஞ்சுரும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பை, அதாவது கூட்டத்துக்குக் குறைஞ்சது எத்தனை பேர் வரோணும்ங்கறதைக் கவனிங்க. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதுக்கு மேல 300 பேர். கையெழுத்துப் பதிவேட்டில் அத்தனை பேர் இல்லைன்னா எதிர்த்தரப்பு அதைக் காட்டியே தீர்மானத்தை உடைச்சுருவாங்க. உங்க ஊராட்சி அளவுக்கு 200 பேராவது தேவைப்படும்னு வைச்சு ஆள் திரட்டுங்க. பேசி முடிச்சதும் கலைஞ்சு போகாம, தீர்மானம் பதிவேட்டில் எழுதி வாசிக்கற வரைக்கும் இருக்கோணும். சான்றிட்ட நகல் கேட்டு அன்னைக்கே எழுதிக் கொடுத்துருங்க. தராம இழுத்தாங்கன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டா 30 நாளில் பதில் தரோணும்.

நம்ம மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிஞ்சது. தேர்வான தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சிக்குத் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். அவர் தன் பேரில் போடற தீர்மானத்தை மட்டும் நம்பி இருக்காதீங்க. "மக்கள் பிரதிநிதி இல்லாத நேரத்தில் போட்டது"ங்கற ஆட்சேபம் நிச்சயம் வரும். கிராம சபைத் தீர்மானம் தனியா இருந்தே ஆகோணும்.

ரெண்டாவது தாள் நகர்மன்றத் தீர்மானம். எங்களுக்கு இந்தப் பகுதி வேணும், சேர்த்துக்கிட்டா இன்ன வசதி செய்து தர நிதி இருக்குதுன்னு அவங்க சொல்லோணும். பாதிக் கோரிக்கைகள் இங்கேதான் படுத்துக்கும். நகராட்சி கணக்குப் போடறது எளிமை: இந்த ஏரியாவில் வரி எவ்வளவு வரும், குழாயும் சாக்கடையும் போட எவ்வளவு போகும். வெறும் வீடுகள் மட்டும் இருக்கற பகுதின்னா தயங்குவாங்க. எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, கல்யாண மண்டபம் உள்ள பகுதின்னா ஆர்வம் காட்டுவாங்க.

அப்புறம் ஒரே நேரத்தில் ரெண்டு பாதையில் கோப்பு நகரும். ஒண்ணு வட்டார வளர்ச்சி அலுவலர், உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), கலெக்டர், ஊரக வளர்ச்சித் துறை. இன்னொண்ணு நகராட்சி ஆணையர், நகராட்சி நிர்வாகத்தின் மண்டல இயக்குநர், சென்னையில் இயக்குநரகம், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலர். ஊரக வளர்ச்சித் துறை ஆட்சேபம் இல்லைன்னு சொல்லாம அடுத்த துறை அறிவிக்கை போடாது. ஒரு பாதையை மட்டும் விரட்டிட்டு இருந்தீங்கன்னா கோப்பு இன்னொரு மேசையில் தூங்கும். திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுவில் ரெண்டு துறைக்கும் நகல் போட்டு, மனு எண்ணைக் குறிச்சு வைச்சுக்குங்க.

முதல்ல உத்தேச அறிவிக்கை அரசிதழில் வரும். ஆட்சேபம் சொல்ற காலக்கெடு அதிலேயே இருக்கும். எதிர்ப்பவங்க மட்டும்தான் அப்ப எழுதுவாங்க, ஆதரிக்கறவங்க "நாமதான் கேட்டோமே"ன்னு சும்மா இருந்துடுவாங்க. அப்படி இருந்துடாதீங்க, ஆதரவுக் கடிதமும் அதே கெடுவுக்குள் போய்ச் சேரோணும். இறுதி அறிவிக்கை வந்த பிறகுதான் எல்லை மாறும்.

உங்க மூணாவது கேள்விக்கு: நடுவில் வேற ஊராட்சி நிலம் இருந்தா அது தடைதான். நகராட்சி எல்லை தொடர்ச்சியா இருக்கோணும், தீவு மாதிரித் துண்டா இருக்கக் கூடாது. அந்த ரெண்டு புல எண்ணையும் சேர்த்துக் கேக்கோணும், அந்த ஊராட்சியின் கிராம சபைத் தீர்மானமும் வாங்கோணும். அதில் வீடே இல்லைன்னாலும் நில உரிமையாளர் ஒருத்தர் ஆட்சேபிச்சாப் போதும், மாசக்கணக்கில் இழுக்கும். அவங்ககிட்ட முதல்லயே பேசிருங்க.

மூணு ஊரை மட்டும் பிரிக்கறது சட்டத்தில் முடியும். பழக்கத்தில் அரசு ஊராட்சியை முழுசாத்தான் எடுக்கும். 2011-ல் கோவை மாநகராட்சி விரிஞ்சப்ப விளாங்குறிச்சி ஊராட்சி முழுசாப் போச்சு. நாமக்கல் 2024-ல் மாநகராட்சியானப்பவும் சுற்றியிருந்த 12 ஊராட்சிகள் சேர்ந்தன. பிரிச்சு எடுத்தா மிஞ்சற ஆறு ஊர் ஊராட்சியா நிக்குமா, அதோட வரி வருமானம் பணியாளர் சம்பளத்துக்காவது வருமாங்கற கேள்விக்குக் கலெக்டர் அறிக்கையில் பதில் எழுதியாகணும். ரோட்டோர வரி போயிட்டா மிஞ்சறதில் என்ன இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

கொறங்காடு:

தோட்டத்துக்காரங்க பயப்படறதில் நியாயம் இருக்குதுங்க. ஆனா பலரும் தப்பான விஷயத்துக்குப் பயப்படறாங்க. பட்டா மாறாது, வருவாய்க் கிராமம் மாறாது, கிராம நிர்வாக அலுவலர் அப்படியே இருப்பார், ரேஷன் கடை மாறாது, ஆயக்கட்டுப் பாசன உரிமை போகாது, விவசாய மின் இணைப்பைப் பிடுங்க மாட்டாங்க. பின்னாடி நகர நில அளவை நடந்தா புல எண்ணுக்குப் பதிலா வார்டு, பிளாக், நகர அளவை எண் வரும். அந்த நேரம் எல்லைக்கல்லைச் சரிபார்க்காம விட்டவங்க பிறகு அலையறாங்க, அது வேற கதை.

நிஜமான இழப்பு நூறு நாள் வேலைங்க. ஊரக வேலைத் திட்டம் நகர்ப்புறத்துக்குக் கிடையாது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம்னு தமிழ்நாட்டில் ஒண்ணு இருக்குது, அளவு ரொம்பச் சின்னது, அதை நம்பி இதை விட முடியாது. 2024 கடைசியிலும் 2025-லும் பல ஊராட்சிகள் இணைப்பை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போனதுக்கு முதல் காரணமே இதுதான். வீட்டுத் திட்டமும் அப்படித்தான். 3.5 லட்ச ரூபாய் தர்ற கலைஞரின் கனவு இல்லம் ஊரகத்துக்கு மட்டும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஊரகப் பட்டியலும் நகர்ப்புறப் பட்டியலும் தனித்தனி. ஊரகப் பட்டியலில் பேர் இருக்கறவங்க வேலை உத்தரவு வாங்கி, எல்லை மாறும் முன்னே வீட்டை முடிச்சுக்கறது நல்லது.

அடுத்து வருமான வரி. இதைத்தான் யாரும் பேசறதில்லை. ஊரக விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, ஏன்னா வரிச் சட்டத்தில் அது மூலதனச் சொத்தே இல்லை. 10,000-க்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வந்துட்டா அந்தச் சலுகை போச்சு. அது மட்டும் இல்லைங்க, எல்லைக்கு வெளியேயும் தூரக் கணக்கு இருக்குது. நகர மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை இருந்தா எல்லையில் இருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதுக்கு மேல 8 கிலோமீட்டர். ரோட்டில் ஓடிப் பார்த்த தூரம் செல்லாது, வான்வழி நேர்கோட்டுத் தூரம்தான்.

இப்ப உங்க ஊருக்குப் பொருத்திப் பாருங்க. ரோட்டோர மூணு ஊரில் விவசாய நிலம் வச்சிருக்கறவங்க ஏற்கெனவே 2 கிலோமீட்டருக்குள்ள. இணைஞ்சாலும் இணையாட்டியும் அவங்களுக்கு இந்த வரியில் மாற்றமில்லை. எல்லை நகர்ந்தா புதுசா மாட்டறது யாரு? நகராட்சியில் சேரவே சேராத தோட்டத்து ஊர்க்காரங்க. இன்னைக்கு 3 கிலோமீட்டரில் இருக்கற காடு, எல்லை ஒன்றரை கிலோமீட்டர் முன்னால வந்ததும் வளையத்துக்குள் வந்துருது. வித்தவங்க ஆடிட்டர்கிட்டப் போனப்புறம்தான் தெரியும். 24 மாசத்துக்கு மேல் கையில் இருந்த நிலத்துக்கு ஆதாயத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன்னே வாங்கினதா இருந்தா விலைவாசிக் குறியீட்டோட 20 சதவீதம்னு கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். விக்கறதுக்கு முன்னே ரெண்டு வருஷம் தானோ பெத்தவங்களோ பாடுபட்ட நிலமா இருந்து, அந்த ஆதாயத்தில் ரெண்டு வருஷத்துக்குள் வேற விவசாய நிலம் வாங்கினா விலக்கு உண்டு. அதனால அடங்கலில் (கிராமத்துப் பயிர்க் கணக்கு) வருஷா வருஷம் பயிர்ப் பதிவு இருக்கோணும். கொறங்காட்டுக்கு இது ரொம்ப முக்கியம்ங்க. "தரிசு"ன்னு விழுந்துருந்தா நிரூபிக்கறது கஷ்டம்.

நிலமெடுப்பு இழப்பீடும் அப்படியே. 2013 சட்டப்படி ஊரகப் பகுதிக்குச் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையான காரணியால் பெருக்கி, அதுக்குச் சமமா ஆறுதல் தொகையும் சேர்ப்பாங்க. நகர்ப்புறத்துக்குக் காரணி 1 தான். ஊரகக் காரணி 1.25-னே வைச்சுக்கிட்டாலும், 1 கோடி மதிப்புக்கு 2.5 கோடி வர வேண்டிய இடத்தில் நகர்ப்புறம்னா 2 கோடி. புறவழிச்சாலைக்குக் கல் நடப் போறாங்கன்னு பேச்சு அடிபடற ஊரில் இதைச் சொல்லாம கையெழுத்து வாங்கறது நியாயமில்லைங்க.

எல்லைக்கல்:

நேரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31 நிலையில் உறைய வச்சுட்டாங்க, 2027 மார்ச் 31 வரை. அதுக்கு நடுவில் இறுதி அறிவிக்கையை எதிர்பார்க்க வேண்டாம். தீர்மானம், புள்ளிவிவரம், வரைபடம் எல்லாம் தயார் பண்ணி வைக்கற காலம் இது. அப்புறம், இணைஞ்ச அன்னைக்கே கவுன்சிலர் கிடைக்க மாட்டார். வார்டு மறுவரையறை முடிஞ்சு தேர்தல் நடக்கற வரைக்கும் ஆணையர்தான் எல்லாம். ஊராட்சியில் ஒன்பது ஊருக்கும் வார்டு உறுப்பினர் இருந்த இடத்தில், நகராட்சியில் ஒரு கவுன்சிலரோ ரெண்டோ.

ரோட்டோரத்தான்:

வருமான வரி விவரம் இங்க யாருக்கும் தெரியாதுங்க, ரொம்ப உபயோகம். அடுத்த சந்தேகம்: நாலு சைட்டில் ரெண்டு அங்கீகாரம் இல்லாதது. நகராட்சியில் சேர்ந்தா அந்த வீதிகளுக்கு ரோடு போட்டுருவாங்களா? வரி எவ்வளவு ஏறும்? களத்துக்கு வரி உண்டா? எங்க ஊரில் தேங்காய்ப் பருப்புக் களம் நிறைய.

மனைப்படம்:

சேர்ந்தா மட்டும் ரோடு வராதுங்க. சைட் போட்டவர் வீதியையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாரா என்பதை முதல்ல பாருங்க. எழுதிக் கொடுக்காத வீதி இன்னும் தனியார் நிலம். ஊராட்சி அதில் செலவழிக்க முடியாது, நகராட்சியும் முடியாது, தணிக்கையில் மாட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டா தானப்பத்திரம் இருக்குதா இல்லையான்னு வந்துரும். பத்திரம் இருந்தும் ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் ஏறாம இருக்கறதும் சகஜம். இணைப்புக்கு முன்னே ஏத்த வைங்க. கைமாறற அன்னைக்குப் பதிவேட்டில் இல்லாத சொத்து யாருக்கும் சொந்தமில்லாமப் போயிரும்.

அங்கீகாரமில்லாத மனைன்னா 2017 வரன்முறைத் திட்டம் பொருந்துமான்னு பாருங்க. அந்த மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன்னே ஒரு மனையாவது பதிவாகி இருக்கோணும். வரன்முறை ஆகாத மனைக்கு ஊராட்சியிலும் கட்டட அனுமதி இல்லை, நகராட்சியிலும் இல்லை. ஒரு வித்தியாசம், நகராட்சியில் கண்ணு அதிகம். 2024-ல் வந்த சுயசான்று அனுமதி (2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம்) ரெண்டு இடத்துக்கும் ஒண்ணுதான்.

வரிக்கு வருவோம். ஊராட்சியில் வீட்டு வரி வருஷத்துக்கு ஒருக்கா. நகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருக்கா, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். முதல் 30 நாளில் கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தள்ளிப் போனா மாசம் 1 சதவீதம் தண்டம். தொகை தெருவின் அடிப்படை மதிப்பு, கட்டடப் பரப்பு, உபயோகம் மூணையும் பொறுத்தது. ஊர் முழுக்க ஒரே பெருக்குத் தொகைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நகராட்சியில் உங்களை ஒட்டி இருக்கற கடைசி வீதியில், உங்க வீட்டளவு வீட்டுக்கு என்ன கேட்புத்தொகை வருதுன்னு ரசீது பாருங்க, அதுதான் கிட்டத்தட்ட உங்க எண். புதுசாச் சேர்ற தெருக்களைக் குறைந்த அடிப்படை மதிப்பு மண்டலத்தில் வைக்கோணும்னு தீர்மானத்திலேயே கேட்டு வைங்க. பின்னாடி கேட்டா மேல்முறையீடுன்னு அலையோணும்.

ஊராட்சியில் இல்லாத ஒண்ணு காலிமனை வரி. முதலீட்டுக்கு மனை வாங்கிப் போட்டுட்டு வெளியூரில் இருக்கறவங்கதான் இதில் அதிகம் முழிப்பாங்க. பல வருஷம் கட்டாம விட்டுட்டு, வீடு கட்ட அனுமதி கேட்டுப் போறப்ப மொத்த நிலுவையும் ஒரே சீட்டில் வரும். முழுக்க விவசாயத்துக்குப் பயன்படற நிலம் இதில் வராது. களம் விவசாயமாங்கறது சிக்கல். சொந்தத் தோப்புக் காயை மட்டும் உடைச்சுக் காய வைக்கற சின்னக் களமும், வெளிக் காய் வாங்கிப் பருப்பாக்கி விக்கற களமும் அதிகாரி கண்ணுக்கு ஒண்ணு இல்லை. ரெண்டாவது வகைக்கு வணிக உபயோகம்னு போட வாய்ப்பு அதிகம், தொழில் உரிமமும் கேப்பாங்க. களத்துக்காரங்களைத் தனியா உட்கார வச்சுப் பேசுங்க, ஊருக்குள்ள எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

கைமாறும் முன்னே ஒவ்வொரு வீடும் எடுத்து வைக்க வேண்டியது: வீட்டு வரி ரசீது (ஊராட்சிகளுக்கான வி.பி.டாக்ஸ் தளத்தில் பழைய நிலுவையைத் தீர்த்துருங்க), குடிநீர் இணைப்பு முன்பணம் கட்டின ரசீது, கட்டட அனுமதி வரைபடம். குழாய் இணைப்பு ஊராட்சிக் கணக்கில் இல்லைன்னா நகராட்சி அதைத் திருட்டு இணைப்புன்னு எழுதிப் புது முன்பணம் கேக்கும்.

பழைய கோப்பு:

இன்னொரு வழியும் யோசிங்க. நீங்க சொன்ன மூணு குறையில் தண்ணியும் குப்பையும் எல்லை மாறாமலே தீரக் கூடியவை. நகராட்சியிடமோ குடிநீர் வடிகால் வாரியத்திடமோ மொத்தமாத் தண்ணி கேட்டு, ஊராட்சி எல்லையில் மீட்டர் வச்சு வாங்கலாம். அதுக்கு ஊராட்சித் தீர்மானம், நகர்மன்றத் தீர்மானம், உபரித் தண்ணி இருக்குதுன்னு பொறியாளர் சான்று வேணும். இங்கே கெடறது ஒரே இடத்தில்: மாசக் கட்டணத்தை ஊராட்சி நிலுவை வைச்சா வால்வை மூடிருவாங்க. சாக்கடைக்கு மட்டும் இந்த வழி உதவாது.

இணைப்புத்தான்னு முடிவானா, தீர்மான வாசகத்தில் கோட்டை விடாதீங்க. "நகராட்சி வசதிகள் செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது"ன்னு எழுதி அனுப்பின தீர்மானத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. இப்படி இருக்கட்டும்: "இவ்வூராட்சியின் இன்ன குக்கிராமங்கள் அடங்கிய, இன்ன வருவாய்க் கிராமத்தின் இன்ன புல எண்கள் கொண்ட, இவ்வளவு ஹெக்டேர் பரப்பை, நகராட்சி எல்லையுடன் இணைக்க அரசைக் கேட்டுக்கொள்ள இக்கிராம சபை தீர்மானிக்கிறது." புல எண்ணைத் தனி இணைப்பாக வைங்க. உட்பிரிவு விட்டுப் போனா எல்லை வரையறையில் ஓட்டை விழும்.

கூடவே வைக்க வேண்டிய புள்ளிவிவரம்: 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகை (புதுசு வெளியாகற வரை கோப்பில் எடுபடறது அதுதான்), தற்போதைய வாக்காளர் எண்ணிக்கை, வரி விதிப்பு எண்ணிக்கை, கடைசி 3 வருஷச் சொந்த வருவாய், மேல்நிலைத் தொட்டிகளின் எண்ணிக்கையும் லிட்டர் கொள்ளளவும், ஆழ்குழாய்க் கிணறுகள், தெருவிளக்கு, சாலை நீளம் தார், கான்கிரீட், மண் என்று பிரிச்சு, ஊராட்சிப் பணியாளர் விவரம். தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் இவங்க கதி என்னன்னு தீர்மானத்தில் ஒரு வரி கேட்டு வைங்க, இல்லைன்னா யார் சம்பளம் தர்றதுன்னு ரெண்டு ஆபீசும் கை காட்டும். விவசாயம் அல்லாத வேலைச் சதவீதத்தை ஆலைகளின் பணியாளர் பட்டியலில் இருந்து எடுத்துக் கொடுங்க, வாயால் சொன்னா எடுபடாது. வரைபடம் கிராம வரைபடத்தின் மேலே எல்லையைச் சிவப்புக் கோடு போட்டு, நான்கெல்லை எழுதி, சர்வேயர் கையெழுத்தோட இருக்கோணும்.

அந்த ரெண்டு புல எண்ணுக்கும் இதே வாசகத்தில் பக்கத்து ஊராட்சியின் தீர்மானத்தை வாங்கி, ரெண்டையும் ஒரே உறையில் கொடுங்க. தனித்தனியாப் போனா ஒண்ணு உதவி இயக்குநர் ஆபீசில் இருக்கறப்ப இன்னொண்ணு கலெக்டர் ஆபீசில் கிடக்கும்.